லேப்டாப் ஹிஞ்ச் மாத்தக் குடுத்தேன், ஆறு வருஷ வேலைய அழிச்சுட்டாங்க. சர்வீஸுக்கு குடுக்குறவங்க படிச்சுருங்க

நான் பண்றது டிடிபி வேலை, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், இப்படி. போன மாசம் லேப்டாப் ஹிஞ்ச் (மூடிய பிடிச்சிருக்குற கீல்) உடைஞ்சு மூடி ஒரு பக்கமா தொங்குச்சு, சரின்னு ஏரியாலயே ஒரு கடைல குடுத்தேன், கடை பேரு வேணாம் விடுங்க. கவுன்டர் பையன் முதல்ல கேட்டதே "பாஸ்வேர்டு சொல்லுங்கண்ணா"ன்னுதான். சொன்னேன். அத மஞ்சள் ஸ்டிக்கர்ல ஸ்கெட்ச் பேனால பெருசா எழுதி, என் பேரு போன் நம்பரோட மூடி மேலயே ஒட்டி வச்சான், வர்றவன் போறவன் எல்லாம் படிக்கலாம். ஹிஞ்ச் மாத்த பாஸ்வேர்டு எதுக்குடான்னு கேக்கத் தோணல பாருங்க, அங்கதான் கோட்டை விட்டேன்.

மூணு நாள் கழிச்சு போனா ஹிஞ்ச் பக்கா. ஆன் பண்ணா புது விண்டோஸ், டி டிரைவ் காலி. கேட்டா "ரொம்ப ஸ்லோவா இருந்துச்சுண்ணா, எல்லாத்தையும் ஃபார்மேட் அடிச்சு ஃப்ரெஷ்ஷா போட்டுட்டோம், அதுக்கு காசு வேணாம்"னு என்னமோ உபகாரம் பண்ண மாதிரி சொல்றான். ஓனர் பில்ல திருப்பிக் காட்டுறாரு, "டேட்டாவுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல", எறும்பு சைஸ் எழுத்துல.

நல்லவேளை நான் அதுல எதையும் காப்பி பண்ணல. சாதா குயிக் ஃபார்மேட்ல ஃபைல் எங்க இருக்குங்கற கணக்குதான் போகும், மேல வேற எழுதுற வரைக்கும் ஹார்ட் டிஸ்க்ல சரக்கு அப்படியே கிடக்கும். மச்சான் டி டிரைவ் இருந்த ஹார்ட் டிஸ்க்க கழட்டி அவன் சிஸ்டத்துல மாட்டி ஃபோட்டோரெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர ராத்திரி பூரா ஓட்டினான், நிறைய வந்துச்சு, ஆனா ஒண்ணுக்கும் பேரு கிடையாது, எஃப் போட்டு பின்னாடி நீளமா ஒரு நம்பர், அவ்ளோதான். லேப்டாப்ல டெஸ்க்டாப் ஸ்க்ரீன்ல வச்சிருந்த ஃபைலெல்லாம் எஸ்எஸ்டில (சிப்ல எழுதுற இன்னொரு டிஸ்க்) இருந்துச்சு, அது சுத்தமா போச்சு. எஸ்எஸ்டில டிரிம்னு ஒண்ணு அழிச்ச இடத்த உடனே துடைச்சு விட்டுருமாம்.

மச்சான் இன்னொன்னு சொன்னான், விண்டோஸ் பாஸ்வேர்டெல்லாம் ஒரு பூட்டே இல்லயாம், டிஸ்க்க கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டுனா எல்லாம் திறந்துக்கும். டிஸ்க்கையே பூட்டுற பிட்லாக்கர் போட்டிருந்தா பாஸ்வேர்டோ கீயோ இல்லாம யாரும் படிக்க முடியாது (விண்டோஸ் ப்ரோல இருக்கு, ஹோம்னா அதே வேலைக்கு வெராகிரிப்ட் ஃப்ரீ), ஆனா பிட்லாக்கரோட 48 இலக்க ரெக்கவரி கீய பேப்பர்ல எழுதி வீட்டுல வைங்க, மதர்போர்டு மாத்துனா அத கேக்கும், இல்லன்னா நாமளே வெளிய நிக்கணும். பிட்லாக்கரும் படிக்க விடாதே தவிர ஃபார்மேட் அடிக்கிறத தடுக்காது, அதுக்கு தனியா ஒரு பேக்கப் இருந்தே ஆகணும். முடிஞ்சா டிஸ்க்க கழட்டிட்டு குடுங்க, ஹிஞ்ச், கீபோர்டு, டிஸ்ப்ளேக்கெல்லாம் அது தேவையே இல்ல, டெஸ்ட் பண்ண, டிஸ்க் இல்லாமயே லேப்டாப்ப ஆன் பண்ற பென்டிரைவ் அவங்ககிட்டயே இருக்கும்.

ஐடி சட்டம் 2000ல 43, 66ன்னு பிரிவு இருக்கு, அனுமதியில்லாம கெட்ட எண்ணத்தோட டேட்டாவ அழிச்சா மூணு வருஷம் வரை ஜெயிலாம். நானே பாஸ்வேர்டு சொல்லிட்டு வந்து நின்னா ஸ்டேஷன்ல என்ன கேப்பாங்கன்னு தெரியும், போகல.

நேத்து ஒரு கஸ்டமர் போன். "தம்பி, மூத்த பொண்ணுக்கு அடிச்சீங்கள்ல, அதே டிசைன்ல சின்னவளுக்கும் போட்டுருங்க"ங்கறாரு. எஃப் நம்பர் ஒவ்வொன்னா திறந்து பாத்துட்டு இருக்கேன்.