சுங்குடிக் கடையின் இணையதளத்தில் செர்ட்பாட்: சான்றிதழும் வழிமாற்றும்

மதுரை விளக்குத்தூண் அருகே சுங்குடிச் சேலை விற்கும் என் சித்தப்பாவின் கடைக்கு ஓர் இணையதளம் உண்டு. கடந்த ஓராண்டாக அதை நான் கவனித்து வருகிறேன். அத்தளத்தின் பக்கங்களை எச்டிடிபி முகவரியிலிருந்து பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரிக்கு முறையாகக் கொண்டுசெல்ல, லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு வழங்கும், தளத்தின் உரிமையைப் பிரவுசருக்கு உறுதிசெய்யும் இலவசச் சான்றிதழையும், அதைப் பெற்று சர்வரில் நிறுவித் தரும் செர்ட்பாட் என்னும் இலவச மென்பொருளையும் பயன்படுத்தினேன். சான்றிதழைவிட, செர்ட்பாட் எழுதித் தரும், பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதிய முகவரிக்கு அனுப்பும் ரீடைரக்ட் எனப்படும் வழிமாற்றைப் பற்றியே இங்கு அதிகம் சொல்ல விரும்புகிறேன். தேடுபொறியில் ஒரு கடை தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்வதும் இழப்பதும் அந்த ஓரிரு வரிகளைப் பொறுத்தது என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

இதற்கு முன் தளத்தைப் பராமரித்த நிறுவனம் ஆண்டுக்கு 3,000 ரூபாய் பெற்றுக்கொண்டு ஒரு சான்றிதழை நிறுவியிருந்தது. முகவரிப் பட்டையில் பூட்டுக்குறி வந்துவிட்டதால் வேலை முடிந்தது என்றே வீட்டில் எல்லாரும் நினைத்தோம். ஆனால் பழைய முகவரிகளில் எதைத் திறந்தாலும், 302 என்ற தற்காலிகக் குறியீட்டுடன் முகப்புப் பக்கத்துக்கே போகும்படி அவர்கள் அமைத்திருந்தார்கள். புதுச் சுங்குடிச் சேலையை முதல் முறை உப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துவது எப்படி என்று சித்தி சொல்லச் சொல்ல எழுதிய பக்கம்தான் எங்களுக்கு வெளியூர் வாடிக்கையாளர்களை அதிகம் அழைத்து வந்தது. சில மாதங்களில் அது கூகுள் தேடலிலிருந்து மறைந்துவிட்டது. முன்பு அதைப் படித்தவர்கள், அந்தப் பக்கம் எங்கே போயிற்று என்று கடைக்குத் தொலைபேசியில் கேட்கத் தொடங்கினார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. புதுமண்டபத்தில் தலைமுறைகளாக இருந்த தையல் கடைகளும் பாத்திரக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டதை நாம் அறிவோம். பழைய இடத்துக்கு வரும் வாடிக்கையாளரிடம், கடை நிரந்தரமாகச் சத்திரத்தில் இன்ன தளத்தில் இன்ன எண்ணுக்குப் போய்விட்டது என்று சொல்வதுதான் 301 வழிமாற்று. சில நாட்களுக்கு மட்டும் அங்கே இருக்கிறார்கள், பிறகு இங்கேயே வந்துவிடுவார்கள் என்று சொல்வது 302. முதலாவதைப் புதிய முகவரியே இனி உரிய முகவரி என்பதற்கு வலுவான அடையாளமாகவும், இரண்டாவதை வலுக்குறைந்த அடையாளமாகவும் கூகுள் எடுத்துக்கொள்கிறது. கடை எண்ணைச் சொல்லாமல் சத்திரத்தின் வாசலை மட்டும் காட்டி அனுப்புவதோ, எல்லாப் பக்கங்களையும் முகப்புக்கே திருப்புவதற்கு ஒப்பாகும். அவ்வாறு தொடர்பில்லாத பக்கத்துக்குத் திருப்பப்படும் பழைய முகவரிகளை, இல்லாத பக்கங்களாகவே கூகுள் கருதிவிடக்கூடும். எங்கள் அலசல் பக்கத்துக்கு நேர்ந்ததும் இதுதான் என்று நம்புகிறேன்.

செர்ட்பாட்டின் பெருஞ்சிறப்பு இந்த இடத்தில் வெளிப்படுகிறது. எங்கள் சர்வர், பக்கங்களை வாசகருக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு இயங்குவது. அதில் ஒரே கட்டளையை இட்டபோது, செர்ட்பாட் தளத்தின் உரிமையைச் சரிபார்த்து, சான்றிதழைப் பெற்று, சர்வரின் அமைப்புக் கோப்பில் தானே வழிமாற்றையும் எழுதிவிட்டது. அது எழுதுவது 301. மேலும், வந்தவர் கேட்ட முழுப் பாதையையும், கேள்விக்குறிக்குப் பின் வருவன உட்பட, அப்படியே புதிய முகவரிக்கு எடுத்துச் செல்கிறது. ஏறத்தாழ 140 பக்கங்களுக்கும் தனித்தனியாக எதுவும் எழுதாமல், ஒவ்வொரு பழைய பக்கமும் தன் புதிய பக்கத்தையே சென்றடைந்தது. பணம் வாங்கிக்கொண்டு செய்யப்படாத வேலை, பணம் கேட்காத ஒரு மென்பொருளால் சில நிமிடங்களில் சரியாக முடிந்ததைக் கண்டபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் அது செய்யாதவற்றையும் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். வந்தவர் எந்தப் பெயரில் வந்தாரோ அதே பெயரில்தான் செர்ட்பாட் அவரைப் பாதுகாப்பான பக்கத்துக்கு அனுப்பும். முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள பெயரையும் இல்லாத பெயரையும் ஒன்றாக்குவது நம் பொறுப்பு. ஆகவே இந்த இரு பெயர்களும் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என இரு வகையாகத் திறப்பதால், ஒரு தளத்துக்கு நான்கு வாசல்கள் உண்டு என்று கொண்டு, நான்கையும் தட்டிப் பார்க்க வேண்டும். மூன்று வாசல்கள் நான்காவதற்கு வந்து சேர வேண்டும். இயன்றவரை இடையில் நிற்காமல் வர வேண்டும். ஒரு முகவரியிலிருந்து அடுத்ததற்குத் திருப்பப்படுவது ஒரு தாவல். கூகுளின் தேடல் நிரல் 10 தாவல்கள் வரை பின்தொடரும் என்பதால் இரண்டு தாவல்களால் தேடலில் கேடு ஏதும் விளையாது. ஆயினும், ஊர்ப்புறத்தில் மெதுவான கைப்பேசி இணைப்பில் வருபவருக்கு ஒவ்வொரு தாவலும் ஒரு காத்திருப்பு என்பதால், நான் அந்த ஒன்றாக்கலைக் கையால் எழுதிச் சேர்த்தேன்.

பக்கங்களுக்குள்ளே இருப்பவற்றையும் செர்ட்பாட் தொடுவதில்லை. பழைய முகவரியிலேயே அழைக்கப்படும் சேலைப் படங்கள், உள் இணைப்புகள், இதுவே மூலப்பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் கேனானிகல் குறிப்பு, தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுத் தரும் தளவரைபடம் ஆகிய அனைத்தையும் எச்டிடிபிஎஸ் முகவரிக்கு நாமே மாற்ற வேண்டும். எங்கள் கேனானிகல் குறிப்புகள் எல்லாம் எச்டிடிபி என்றே இருந்தன. வழிமாற்று ஒரு திசையைக் காட்ட, பக்கமே எதிர்த்திசையைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருத்த இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. தளம் கூகுள் தேடலில் எப்படித் தென்படுகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் ஆகிய இரு முகவரிகளும் தனித்தனிச் சொத்துகளாகவே (தனிக் கணக்குகளாகவே) கணக்கிடப்படுவதால், அவற்றை ஒன்றாகக் காட்டும், 2019-இல் அறிமுகமான டொமைன் சொத்தாகத் தளத்தைச் சேர்ப்பது நல்லது. இல்லையெனில் பழைய கணக்கில் எண்ணிக்கை சரிவதைக் கண்டு வீணாக அஞ்ச நேரிடும்.

லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தரும் சான்றிதழ் 90 நாட்களுக்கே செல்லும். செர்ட்பாட் தானாகப் புதுப்பித்துவிடும் என்பதால் அது குறையாகத் தெரியவில்லை. ஆனால் பாதுகாப்பு என்று எண்ணி எச்டிடிபி இணைப்புகள் வந்து சேரும், சர்வரின் 80-ஆம் வாயிலை (போர்ட்) அடைத்துவிடக் கூடாது. எச்டிடிபி வழியிலான உரிமைச் சரிபார்ப்பும் பழைய முகவரியிலிருந்து வரும் வழிமாற்றும் அந்த வாயிலில்தான் நடைபெறுகின்றன. அதை மூடினால் இரண்டும் ஒருசேர நின்றுவிடும். சான்றிதழ் முடியப்போவதை நினைவூட்டும் மின்னஞ்சலையும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. எனவே கைப்பேசி நாள்காட்டியில் நானே ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே வரும்படி பிரவுசருக்கு ஆணையிடும் எச்எஸ்டிஎஸ் வசதியைச் சேர்ப்போர், முதலில் 300 விநாடிகள் என்று வைத்துச் சோதித்த பிறகே ஓராண்டுக்கு உயர்த்த வேண்டும். பிரவுசர் அந்த ஆணையை நினைவில் வைத்துக்கொள்ளும். இடையில் சான்றிதழ் கெட்டுப்போனால் எச்சரிக்கையைக் கடந்து உள்ளே வரவும் அது வழிவிடாது.

எச்டிடிபிஎஸ் தேடல் தரவரிசையில் ஒரு சிறு காரணி என்று கூகுள் 2014 ஆகஸ்டில் அறிவித்தது. அதனால் மட்டும் கடை முதலிடத்துக்கு வந்துவிடும் என்று எவரேனும் விற்க வந்தால் நம்ப வேண்டாம். எங்களுக்குக் கிடைத்த பயன் வேறு: குரோம் 2018 ஜூலை முதல் எச்டிடிபி தளங்கள் அனைத்தின்மீதும் இடும் பாதுகாப்பற்றது என்ற குறி இல்லாமல் வாடிக்கையாளர் வருகிறார், இழந்த அலசல் பக்கமும், அதே பாதையில் மீட்டு வைத்த சில வாரங்களில், தேடலில் மீண்டும் தென்பட்டது.

கட்டளைத் திரையைப் பார்த்து அஞ்சாதவர்க்கு இந்த ஏற்பாட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்வதால் அதை நேரடியாகத் தொட இயலாத பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள், லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைத் தங்கள் ஹோஸ்டிங் நிறுவனமே நிறுவித் தருகிறதா என்று கேட்டுவிட்டு, வழிமாற்று 301 தானா, பக்கத்துக்குப் பக்கம் செல்கிறதா என்பதையும் தாங்களே சோதித்துப் பார்க்க வேண்டும். வழிமாற்றைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கும்படி கூகுள் அறிவுறுத்துகிறது. எங்கள் கடையில் முன்பு அச்சடித்த துணிப்பைகளில் பழைய முகவரியே இருக்கிறது. சித்தப்பா இன்னும் அந்தப் பைகளில்தான் சேலை போட்டுக் கொடுக்கிறார் என்பதால், நாங்கள் அந்த வழிமாற்றை எடுக்கப்போவதே இல்லை.