பழைய மடிக்கணினியில் ஃப்ரீபிஎஸ்டி: யூஎஃப்எஸ் கோப்பு முறைமையுடன் நீண்டகால அனுபவம்

காரைக்குடியில் எங்கள் வீட்டில் இருக்கும் பழைய மடிக்கணினிக்கு நினைவகம் 2 ஜிபி மட்டுமே. பேட்டரி செயலிழந்துவிட்டதால் மின்சாரம் நின்ற நொடியே கணினியும் நின்றுவிடும். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன ஐயா காலத்துப் பேரேடுகளையும் வீட்டுப் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து சேமிப்பதே அதன் வேலை. ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தை நிறுவும்போது, இந்த நிலைமைகளை எண்ணிப் பார்த்து, வன்தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமைகளில் இசட்எஃப்எஸ்ஸை விடுத்து யூஎஃப்எஸ்ஸைத் தேர்ந்தேன்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ், எழுதும் ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், அது மாறினால் தானும் மாறும் எண்) வைத்துப் படிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கிறது. மறுபடி கிடைக்காத ஆவணங்களை வைத்திருப்பவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ஒரே வன்தட்டு உள்ள கணினியில், எல்லாவற்றையும் இரு பிரதிகளாக எழுதச் சொல்லி இருமடங்கு இடம் செலவழித்தாலொழிய, கெட்டுப்போன கோப்பை அது சுட்டிக்காட்டுமே தவிர மீட்டுத் தராது. நினைவகத்தில் அது வைத்துக்கொள்ளும் தற்காலிகச் சேமிப்பான ஏஆர்சிக்கு உச்சவரம்பு விதிக்கலாம் என்றாலும், ஸ்கேன் மென்பொருளும் உலாவியும் சேர்ந்து ஓடும்போது 2 ஜிபி போதவே போதாது.

யூஎஃப்எஸ்ஸில் நான் பெரிதும் மதிப்பது, ஃப்ரீபிஎஸ்டி 9.0 பதிப்பில் சாஃப்ட் அப்டேட்ஸுடன் (தட்டில் எழுதும் வரிசையை ஒழுங்குபடுத்தும் முறை) சேர்க்கப்பட்ட ஜர்னலிங் வசதி, அதாவது கட்டமைப்பு மாற்றங்களை ஜர்னல் என்ற குறிப்பேட்டில் பதிந்துவைப்பது. கோடை மின்வெட்டுகளுக்குப் பிறகு, வன்தட்டு முழுவதையும் சோதிக்காமல், ஜர்னலில் பதிவானவற்றை மட்டும் சரிசெய்துகொண்டு கணினி விரைவில் எழுந்துவிடுகிறது. இங்கே ஓர் எல்லையை அறிந்திருக்க வேண்டும்: ஜர்னல் காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பைத்தான், கடைசி அரை நிமிடத்தில் எழுதிய உள்ளடக்கம் தட்டைச் சென்றடையாமலே போகலாம். ஆகவே ஒரு பேரேட்டை முடித்ததும், நினைவகத்தில் காத்திருப்பதை உடனே தட்டில் எழுதவைக்கும் சிங்க் கட்டளையை இயக்குகிறேன். வன்தட்டின் பழுதால் வரும் பிழைகளையும் ஜர்னல் அறியாது. அவ்வப்போது ஒற்றைப் பயனர் நிலையில் (பிற சேவைகள் எதுவும் ஓடாத பராமரிப்பு நிலை) கோப்பு முறைமையைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை இயக்கி, ஜர்னலைப் பயன்படுத்தலாமா என்று அது கேட்கும்போது வேண்டாம் என்று விடையளித்து முழுச் சோதனை செய்வது அவசியம்.

கோப்பு முறைமைகளை எப்படி இணைப்பது என்பதைக் குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் நோஏடைம் என்ற விருப்பத்தைச் சேர்த்ததால், கோப்பைத் திறக்கும்போதெல்லாம் நேரத்தைக் குறித்துவைக்கும் வீண் எழுத்துவேலை நின்றது.

யூஎஃப்எஸ்ஸில் கோப்பின் உள்ளடக்கத்துக்குச் சரிபார்ப்புத் தொகை இல்லாத குறையை ஈடுசெய்ய, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஸ்எச்ஏ256 முறையில் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு, அந்தப் பட்டியலையும் கோப்புகளின் நகலையும் வெளிவன்தட்டில் வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒப்பிடும்போது ஒரு கோப்பு மாறியிருந்தால், எந்தப் பிரதி சரியானது என்பதைப் பட்டியல் சொல்லிவிடும். 8 ஜிபி நினைவகமும் இரண்டு வன்தட்டுகளும் உள்ள கணினி என்றால் தயங்காமல் இசட்எஃப்எஸ்ஸையே தேர்வேன். அங்கே இரு தட்டுகளையும் ஒன்றன் நகலாக மற்றொன்று இருக்கும்படி அமைத்தால், மற்றத் தட்டின் நல்ல பிரதியைக் கொண்டு அது தானாகவே பழுதைச் சரிசெய்துவிடும்.