கண்ணாடிதான் உடைந்தது, டிஸ்பிளேயையே கழற்றி எடுத்துக்கொள்கிறார்கள்: மலையகத்தில் போன் திருத்தக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த ஒரு அக்காவின் செம்சுங் ஏ52. கீழே விழுந்ததில் மேல் கண்ணாடியில் மூலையிலிருந்து குறுக்கே ஒரு விரிசல். மற்றபடி படம் தெளிவு, டச் சரி, கைரேகையும் சரி. டவுனில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். “டிஸ்பிளே அடிபட்டிருச்சுக்கா. இப்படியே பாவிச்சா போர்டும் போயிரும். ஒரிஜினல் இருக்கு, போட்டுத் தர்றேன்.” ஒரிஜினல் விலையைக் கொடுத்து மறுநாள் வாங்கி வந்திருக்கிறார்.

வந்ததிலிருந்து கைரேகை பிடிக்கவில்லை. காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் பின்னேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. தூறலில் வெளியே எடுத்தால் திரை தானாகவே எதையோ அழுத்துகிறது. இடது ஓரத்தில் நகத்தை வைத்தால் கண்ணாடி சட்டத்துக்கு மேலே தூக்கி நிற்பது தட்டுப்படுகிறது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, “அது சொப்ட்வெயார் பிரச்சினைக்கா, அப்டேட் வந்தா சரியாயிரும்” என்று அனுப்பிவிட்டார்கள்.

எந்த அப்டேட் வந்தாலும் அது சரியாகாது. உள்ளே இருந்த, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அமோலெட் பெனலைக் கழற்றிவிட்டு, பின்விளக்கு வைத்துப் படம் காட்டும் எல்சிடியில், இன்செல் எனப்படும் மலிவான கொப்பியை மாட்டியிருக்கிறார்கள். கழற்றிய பெனல் கடையிலேயே தங்கிவிட்டது. உண்மையான இழப்பு அங்கேதான்.

பலருக்கு இது தெரிவதில்லை. மேல் கண்ணாடி வேறு, படம் காட்டும் பெனல் வேறு. இரண்டையும் ஓசிஏ என்ற ஒளிபுகும் பசைத்தாள் ஒட்டி வைத்திருக்கிறது. செம்சுங் அமோலெட்டில் டச் உணரும் அடுக்கு பெனலோடு சேர்ந்தே வருகிறது. அதனால் கண்ணாடி விரிந்தும் படமும் டச்சும் ஒழுங்காக இருந்தால் பெனலுக்குச் சேதமில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். கருவி உள்ளவர்கள் அதைச் சூடான தட்டில் வைத்து, மெல்லிய கம்பியால் கண்ணாடியை அறுத்துப் பிரித்து, பழைய பசையைத் துடைத்து, புதுக் கண்ணாடியை வெற்றிட மெஷினில் ஒட்டி, காற்றுக் குமிழியையும் எடுத்துவிடுவார்கள். “கிளாஸ் மாத்துறது” என்று சொல்வது இதைத்தான். ஆகவே கண்ணாடி மட்டும் உடைந்த அமோலெட் குப்பையல்ல. அதை வாங்க ஆள் இருக்கிறது. உங்களிடம் ஒரிஜினல் விலை வாங்கி, கொப்பியைப் போட்டு, உங்கள் ஒரிஜினலையும் எடுத்து வைத்துக்கொண்டால் ஒரே வேலையில் இரண்டு லாபம்.

எல்லாக் கடையும் இப்படியில்லை. “இது கொப்பிதான், விலை குறைவு, கைரேகை வேலை செய்யாது” என்று முகத்துக்கு நேரே சொல்லிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தெரிந்துகொண்டே அதை வாங்குவது உங்கள் விருப்பம். ஒரிஜினல் விலைக்கு விற்பதுதான் மோசடி.

கடையில் காதில் விழும் சொற்களுக்கு வருவோம். “சர்வீஸ் பேக்” என்றால் கம்பனி தன் திருத்தகங்களுக்கு அனுப்பும் டிஸ்பிளே; பெரும்பாலும் சட்டத்தோடு சேர்ந்தே வரும். செம்சுங் என்றால் பெட்டி லேபலில் ஜிஎச்82 என்று தொடங்கும் பாக இலக்கம் இருக்கும். “இன்செல்”, “டிஎஃப்டி” இரண்டும் எல்சிடி கொப்பிகள். “ஓலெட் கொப்பி” என்பது நடுத்தரம்; ஓலெட்டும் அமோலெட்டைப் போலத் தானே ஒளிரும் வகைதான். கருப்பு கருப்பாகவே இருக்கும், ஆனால் அளவும் நிறமும் பிசகும். ஐபோனுக்கு “ஹார்ட் ஓலெட்”, “சொஃப்ட் ஓலெட்” என்று இரண்டு சொல்வார்கள். ஹார்ட் என்பது கண்ணாடித் தளத்தில் செய்தது, விழுந்தால் சீக்கிரம் உடையும். சொஃப்ட் வளையும் பிளாஸ்டிக் தளம், விலை கூட. “ஏ கிரேட்”, “ஒரிஜினல் மாதிரி”, “கம்பனி குவாலிட்டி” என்ற சொற்களுக்கு எந்தப் பொருளும் கிடையாது. பில்லில் அதை எழுதித் தந்தாலும் பிறகு உங்களுக்கு உதவாது.

ஏ52இல் கைரேகை உணரி திரைக்கு அடியில் இருக்கிறது. விரலை வைத்ததும் பெனலின் அந்த இடம் பிரகாசமாகி, விரலில் பட்டுத் திரும்பும் ஒளி பிக்சல்களுக்கு இடையே புகுந்து உணரிக்குப் போக வேண்டும். எல்சிடியின் முதுகில் பேக்லைட் என்ற பின்விளக்கும் ஒளி திருப்பும் தாளும் இருப்பதால் வழி அடைபட்டுவிடுகிறது. ஆனால் கைரேகை வேலை செய்யாததை மட்டும் வைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நல்ல அமோலெட் போட்டாலும் உணரியைச் சரியாகப் பொருத்தாவிட்டால் அதே குறை வரும். பழைய ரேகையை அழித்துப் புதிதாகப் பதிந்து பாருங்கள். அதன் பிறகு கருப்புப் படச் சோதனைக்கு வாருங்கள்.

முழுக் கருப்பான ஒரு படத்தை முன்கூட்டியே போனில் சேமித்து வையுங்கள். கடையில் மேசைக்கு அடியிலோ ஜாக்கெட்டுக்குள்ளோ இருட்டாக வைத்து, வெளிச்சத்தை முழுக்க ஏற்றித் திறவுங்கள். அமோலெட்டில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வது. கருப்பு என்றால் அணைந்திருக்கும், போன் எங்கே முடிகிறது என்றே தெரியாது. எல்சிடியில் பின்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் சாம்பல் நீலமாக மினுங்கும், ஓரங்களில் ஒளி கசியும். போன் பூட்டியிருக்கும்போதும் மணி காட்டும் “ஆல்வேஸ் ஒன் டிஸ்பிளே”யைப் போட்டுப் பார்த்தாலும் இது பிடிபடும். அமோலெட்டில் மணி காட்டும் இலக்கம் மட்டும் தெரியும், கொப்பியில் திரை முழுக்க மங்கலாக ஒளிரும். சார்ஜ் வேகமாக இறங்குவதற்குக் காரணமும் இதுவே. டார்க் மோட் போட்டாலும் பின்விளக்கு அணையாது.

செட்டிங்ஸில் 90 ஹேர்ட்ஸ், அதாவது படம் செக்கனுக்கு 90 தரம் மாறும் என்று காட்டுகிறதே என்று சமாதானமடைய வேண்டாம். எந்த மொடல் என்பதை வைத்துப் போனின் மென்பொருள் காட்டும் எழுத்து அது. மாட்டியிருக்கும் பெனலுக்கு அது சாட்சியல்ல.

அடுத்தது டச். செம்சுங்கில் டயல் செய்யும் இடத்தில் *#0*# அடித்தால் சோதனைப் பட்டியல் வரும். அதில் டச் என்பதைத் தொட்டால் ஓரம் முழுக்கவும் குறுக்காகவும் சிறு கட்டங்கள் வரும். விரலை எடுக்காமல் ஒவ்வொன்றின் மேலும் இழுங்கள். நிறம் மாறாத கட்டம் இருந்தால் அந்த இடத்தில் டச் இல்லை. கொப்பிகள் பெரும்பாலும் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் தவறும். அதே பட்டியலில் சிவப்பு, பச்சை, நீலம் பார்த்தால் கோடும் கறையும் தெரிந்துவிடும். ரெட்மி, ஷாவ்மி என்றால் *#*#6484#*#*. வேறு அண்ட்ரொய்ட் போனில் “பில்ட் நம்பர்” என்ற வரியை ஏழு தரம் தட்டி டெவலப்பர் ஒப்ஷனைத் திறந்து, “பொயின்டர் லொகேஷன்” என்பதைப் போடுங்கள். விரல் போகும் வழியெல்லாம் கோடு விழும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு மெதுவாக இழுக்கையில் கோடு நெளிந்தாலோ அறுந்தாலோ அந்த டிஸ்பிளே வேண்டாம். ஐந்து விரலையும் ஒன்றாக வைத்தால் மேலே ஐந்து என்று எண்ணிக் காட்ட வேண்டும்.

பிறகு சார்ஜரைச் சொருகிக்கொண்டு இதே சோதனையை இன்னொரு தரம் செய்யுங்கள். பலர் விட்டுவிடும் இடம் இது. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கட்டமைப்பு இருக்கிறது. விரல் கிட்டே வந்ததும் அங்கே மின்னேற்றம் சற்று மாறுவதைத்தான் டச் சிப் கணக்கிடுகிறது. மலிவுச் சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சலை நல்ல சிப் வடிகட்டிவிடும், கொப்பியில் இருக்கும் சிப் தடுமாறும். சார்ஜில் போட்டால் திரை துள்ளுகிறது என்ற முறைப்பாட்டுக்குப் பாதிக் காரணம் சார்ஜர், மீதி டிஸ்பிளே.

நம்ம ஊர் மழையில் மழைத்துளியும் மின்கடத்திதான். அதை விரல் என்று நினைத்து எந்தத் தொடுதிரையும் கொஞ்சம் குழம்பத்தான் செய்யும், ஒரிஜினலும் விலக்கல்ல. ஆனால் நல்ல திரை துடைத்ததும் சுதாரித்துக்கொள்ளும். தடித்த கம்பளிக் கையுறை வழியாக டச் எடுபடாது. கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய, வறண்ட விரல் நுனியும் பலவீனமாகத்தான் பதியும். செம்சுங்கில் டிஸ்பிளே செட்டிங்ஸில் “டச் சென்சிடிவிட்டி” என்று ஒன்று உண்டு. அது மேலே ஒட்டும் கண்ணாடிக்காக வைத்தது, காய்த்த விரலுக்கும் ஓரளவு உதவும். கைரேகைக்கு ஆட்காட்டி விரலை விட்டுவிட்டு, கொழுந்து கிள்ளும்போது தேயாத விரலொன்றைப் பதியுங்கள்.

ஏ52க்கு ஐபி67 நீர்த்தடுப்பு உண்டு. டிஸ்பிளேயை ஒரு தரம் திறந்தாலே அந்த உத்தரவாதம் போய்விடும், யார் திறந்தாலும் சரி. ஆகவே ஒட்டும் வேலையாவது ஒழுங்காக நடக்க வேண்டும். கடைகளில் பெரும்பாலும் பாவிப்பது பி-7000 பசை. அது முழுப்பிடி பிடிக்க ஒரு நாளுக்கு மேல், குளிரில் இன்னும் கூட எடுக்கும். ரப்பர் பேண்ட் போட்டு அரை மணித்தியாலத்தில் கையில் தந்தால், நுவரெலியாக் குளிரில் அன்றிரவே ஓரம் கிளம்பும், பனி உள்ளே இறங்கும். அவசரமில்லை என்று சொல்லி மறுநாள் எடுங்கள். இன்செல் பெனல் பேக்லைட்டோடு சேர்ந்து தடிப்பு கூட. அமோலெட்டுக்கு வெட்டிய சட்டத்தில் அது எப்படி அழுத்தினாலும் சமமாக உட்காராது. நகத்தில் தட்டுப்பட்டது அந்தத் தடிப்புத்தான்.

பாவித்த போன் வாங்குகிறவர்களுக்கும் இதே வலை விரித்திருக்கிறது. செம்சுங் ஏ05, ஏ06, ஏ14 ஆகியவை பிறவியிலேயே எல்சிடி. அவற்றில் கருப்பு மினுங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. ஏ15, ஏ16, ஏ25 அமோலெட். இவற்றுக்குக் கைரேகை பக்கப் பொத்தானில் இருப்பதால் கொப்பி போட்டாலும் கைரேகை பிடிக்கும். கருப்புப் படம் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். ஐபோன் 11 எல்சிடி, 11 ப்ரோ ஓலெட், 12இலிருந்து இலக்கமிட்ட மொடல்கள் எல்லாம் ஓலெட். ஐபோன் 11இலும் அதற்குப் பிறகு வந்த இலக்கமிட்ட மொடல்களிலும் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் டிஸ்பிளே மாற்றியிருக்கிறதா, அது அடையாளம் தெரியாத பாகமா என்று போனே சொல்லும். சுற்று வெளிச்சத்துக்கேற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் பொத்தான் காணாமல் போயிருந்தாலும் சந்தேகப்படலாம். அது இருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம், பழைய டிஸ்பிளேயின் தரவைக் கொப்பிக்கு ஏற்றித் தரும் சிறு கருவி கடைகளில் இருக்கிறது.

புதுப் பெட்டியிலும் வாய்ஜாலம் உண்டு. “240 ஹேர்ட்ஸ் டிஸ்பிளே” என்று விற்பது பல நேரங்களில் டச் சாம்பிளிங் வேகம், அதாவது விரலைச் செக்கனுக்கு எத்தனை தரம் கவனிக்கிறது என்பது. படம் மாறும் வேகம் அதே போனில் 90 ஆகவோ 120 ஆகவோ இருக்கும். “எச்டி” என்றால் 720க்கு 1600 பிக்சலா, 1080க்கு 2400ஆ என்று கேளுங்கள். ஆறரை அங்குலத் திரையில் முன்னது அங்குலத்துக்குச் சுமார் 270 பிக்சல், பின்னது 405. ஒரு தமிழ்ப் பத்திரிகைப் பக்கத்தைத் திறந்து, பொடி எழுத்தில் புள்ளியும் சுழியும் பிரிந்து தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

இன்னொன்று. அமோலெட் உயர்வு, எல்சிடி மட்டம் என்று நினைத்துக் கடன்பட்டு வாங்காதீர்கள். மலைக்கு வேலைக்குப் போகும்போது இடுப்பில் செருகி அடிக்கடி விழும் போனுக்கு, உடைந்தால் குறைந்த செலவில் அதே வகை டிஸ்பிளே மாற்றக்கூடிய எல்சிடி போனே நல்லது.

திருத்தக் கொடுக்கும்போது கண்ணாடி மட்டும் மாற்றலாமா என்று முதலில் கேளுங்கள். பிரிக்கும்போது பெனல் போகும் ஆபத்து உண்டு, அதை யார் ஏற்பது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பெனல் மாற்றுவதென்றால் பழையதன் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கையெழுத்து வைத்து, போனைத் திறந்ததும் பின்பக்கத்தைப் படமெடுத்து, “பழைய டிஸ்பிளே எனக்கு வேணும்” என்று சொல்லுங்கள். தர மறுத்தால் கடையை மாற்றுங்கள். பில்லில் மொடல், ஐ.எம்.இ.ஐ. என்ற போனின் 15 இலக்க அடையாள எண், “அமோலெட் சர்வீஸ் பேக்” என்ற சொல், விலை, டச்சுக்கும் கோட்டுக்கும் எத்தனை நாள் வாரண்டி, எல்லாம் எழுதியிருக்க வேண்டும். பாவித்த போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 1909க்கு அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று பதில் வரும்.

ஏமாந்தவர்கள் கடை வாசலில் சத்தம் போட்டு வருவதோடு நிறுத்திவிடுகிறார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். அவசர இலக்கம் 1977. பில்லின் பிரதி, கருப்புப் படம் மினுங்கும் புகைப்படம், வேறொரு திருத்துநர் எழுதித் தந்த துண்டு, மூன்றையும் இணையுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. ஏ52 அக்காவிடம் இருந்ததோ, கடைப் பெயரே இல்லாத ஒரு தாளில் “டிஸ்பிளே 1” என்று எழுதிய தொகை மட்டும்.