கான்டூரா, முழுக் கணக்கா? மிதக்கும் காற்றாலையின் 50 ஆண்டு ஆட்டம்

மிதக்கும் காற்றாலை 50 ஆண்டில் ஒருமுறை எவ்வளவு சாயும், எவ்வளவு எழும்பும் என்று கணிக்க இரண்டு வழிகள் உண்டு. ஆய்வுக்காக இரண்டையும் கணினியில் ஓட்டிப் பார்த்து, நான் இரண்டாவதிலேயே நின்றுவிட்டேன்.

முதலாவது கான்டூர் முறை. 50 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய காற்று, அலை உயரம், அலைக்கால (அடுத்தடுத்த இரு அலைகளுக்கு இடைப்பட்ட நேரம்) சேர்க்கைகளை எல்லைக்கோடாக வரைந்து, கோட்டின் மேலுள்ள சில நிலைகளை மட்டும் ஓட்டுவது. வேகமானது. எண்ணெய் மேடைகளில் பல காலமாகப் புழங்குவது.

இரண்டாவது, எல்லாக் கடல்நிலைகளையும் ஓட்டி, ஒவ்வொன்றும் வரும் வாய்ப்பைப் பெருக்கிக் கூட்டுவது. காற்றை 12, உயரத்தை 8, காலத்தை 8 எனப் பிரித்தாலே 768 சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் 6 சீடு (அதே கடல்நிலைக்குத் தற்போக்காக மாற்றி உருவாக்கும் காற்று-அலைத் தொடர்) என்றால் 4,608 ஓட்டம்.

இவ்வளவு பாடு எதற்கு? சூழல் கடுமையானால் ஆட்டமும் கூடும் என்ற நம்பிக்கையில்தான் கான்டூர் நிற்கிறது. எண்ணெய் மேடைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். காற்றாலைக்குப் பொருந்தாது. அமெரிக்க ஆற்றல் ஆய்வகமான என்ஆர்இஎல்-இன் 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலையில், காற்று நொடிக்கு 11.4 மீட்டரை எட்டும்போது தள்ளுவிசை உச்சம் தொடுகிறது. அதற்குமேல் இறக்கைகள் கோணத்தைத் திருப்பிக்கொள்ள, விசை இறங்குகிறது. 25 மீட்டரைத் தாண்டினால் இயந்திரத்தையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே மிதவை பெரிதாகச் சாய்வது அடிக்கடி வீசும் நடுத்தரக் காற்றிலும் நேரலாம். அந்த நிலை கோட்டுக்கு வெகு உள்ளே கிடக்கிறது. கோட்டின் மேல் மட்டும் தேடினால் அகப்படாது. என் கணக்கிலும் சாய்வின் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது.

மேலும் கீழுமான ஆட்டத்தில் நிலைமை வேறு. நான் எடுத்துக்கொண்டது ஓசி4 என்ற கூட்டு ஒப்பீட்டுத் திட்டத்தின் செமி-சப்மெர்சிபிள் (பாதி மூழ்கி மிதக்கும்) மிதவை. அதன் இயல்புக் காலம், அதாவது தானாக ஒருமுறை ஏறி இறங்க எடுக்கும் நேரம், 17 நொடியை ஒட்டியது. 12 நொடிப் புயல் அலையைவிட உயரம் குறைந்த 17 நொடி நீளலை அதை அதிகம் தூக்கலாம். இதைக் கான்டூரும் பிடிக்கும், கோட்டின் உச்சியோடு நிற்காமல் முழுக்கச் சுற்றி வந்தால்.

நேரமில்லாதவர்கள் 11.4, 25 மீட்டர் காற்றுகளுக்குத் தனிக் கோடுகள் சேர்த்துத் திருத்திய கான்டூரை ஓட்டலாம். ஸ்பார் (நீண்ட ஒற்றை உருளை மிதவை) வகையை நான் ஒருமுறைதான் ஓட்டியிருக்கிறேன் என்பதால், இந்த முடிவை அதற்கு அப்படியே நீட்ட மாட்டேன்.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ஓசி4-ஐ அடுத்து வந்த ஓசி5 கூட்டு ஒப்பீட்டில் கணினி மாதிரிகள், தொட்டிச் சோதனையில் அளந்த சுமைகளைச் சராசரியாகச் சுமார் 20 சதவீதம் குறைத்தே காட்டின. அலைக்காலத்தைவிட மெதுவான ஆட்டங்களில்தான் முக்கியமான சறுக்கல். சீடுகளைக் கூட்டுமுன் இழுவைக் கெழுக்களை (நீரின் எதிர்ப்பைக் குறிக்கும் எண்கள்) சோதனைத் தரவோடு ஒத்துப் பாருங்கள்.