லாயம் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்கும் முன்

"இடம் நான் பாத்துத் தர்றேன், ஷெட் நான் போட்டுத் தர்றேன், குதிரையும் நானே கொண்டாறேன், போர்டிங்குக்கு ஆள் புடிச்சுக் குடுக்கறதும் என் பொறுப்பு. நீங்க மாசாமாசம் கல்லாவுல உக்காந்தா போதும்."

மாதவரம், வடபெரும்பாக்கம், செங்குன்றம் பக்கம் குதிரை லாயம் தொடங்க நினைக்கிறவர்களிடம் இப்படிப் பேசிக்கொண்டு ஒரு தரகர் சுற்றுகிறார். எட்டுக் குதிரைக்கு இடம் போட நாங்கள் மூன்று பங்காளிகள் அவரை நம்பிக் கொடுத்த பணம் திரும்பவில்லை. பெயரைப் போடப்போவதில்லை. அவர் போனால் இன்னொருவர் இதே பேச்சோடு வருவார் என்பதால், எந்தெந்த இடத்தில் எப்படிக் கை வைத்தார் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

போர்டிங் லாயம் என்றால் அடுத்தவர் குதிரையை மாத வாடகைக்கு வைத்துப் பராமரிப்பது. தீனி, படுக்கை, சாணம் அள்ளுவது, உருவிவிடுவது, நடை எல்லாம் லாயக்காரர் பார்த்தால் முழுப் பராமரிப்பு. இடமும் தண்ணீரும் மட்டும் கொடுத்தால் மற்றது குதிரைக்காரர் பாடு. அவர் எங்களுக்கு உறுதி சொன்னது முழுப் பராமரிப்பில் ஆறு குதிரைகள்.

ஆறும் முதல் வாரமே வந்தன. இரண்டு மாதம் வாடகை தேதி தவறாமல் வந்தது. மூன்றாம் மாதம் நின்றது. அப்புறம் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தால், ஆறு குதிரைக்கும் பணம் ஒரே வங்கிக் கணக்கிலிருந்து வந்திருக்கிறது. "ஓனர்" என்று சொல்லப்பட்ட ஒருவர்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து குதிரையைத் தடவிப் பார்த்ததில்லை. காசு கொடுத்துக் குதிரை வைத்திருப்பவர் அப்படி இருக்கவே மாட்டார். வாரம் ஒருமுறையாவது கேரட்டோடு வந்து நிற்பார், சைஸிடம் (குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம்) குறை சொல்வார், சண்டை பிடிப்பார். நடுவில் இரண்டு குதிரைகள் போய் வேறு இரண்டு வந்தன. கேட்டதற்கு "ஓனர் மாத்திட்டாரு" என்று பதில்.

உண்மையில் ஆறும் அவர் விற்காமல் வைத்திருந்த சரக்கு. இரண்டு மாத வாடகை எங்கள் முன்பணத்திலிருந்தே எங்களுக்கு வந்தது. அவர் சரக்குக்குத் தீனி, ஆள், தண்ணீர், மருத்துவர் எல்லாம் எங்கள் செலவு. கல்யாண சீசனில் சௌகார்பேட்டை, புரசைவாக்கம் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை கேட்டு ஆள் வந்ததும் நல்லவை ராத்திரியோடு ராத்திரியாக வண்டி ஏறின. கடைசியில் மிஞ்சியவை நொண்டி.

இதைத் தடுப்பது பெரிய வித்தை இல்லை. எந்தக் குதிரையும் உள்ளே வருமுன் அதன் உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தரகர் கையெழுத்து செல்லாது. முதல் மாத வாடகையும் ஒரு மாத வைப்புத்தொகையும் உரிமையாளருடைய சொந்தக் கணக்கிலிருந்து வர வேண்டும். மைக்ரோசிப் இருந்தால் 15 இலக்க எண்ணை நீங்களே ரீடர் வைத்துப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். தரகர் வாட்ஸப்பில் அனுப்பும் எண் வேண்டாம். சிப் இல்லாத நாட்டுக் குதிரை என்றால் நான்கு பக்கப் படம், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழிகள் இருக்கும் இடம், எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து இருவரும் கையெழுத்திடுங்கள். சுழியை ராசி பார்ப்பதற்கு என்றுதான் நம் ஊரில் நினைக்கிறார்கள், "சுழி சுத்தம்" என்று சொல்லி விலையையும் ஏற்றுகிறார்கள். ராசியை விடுங்கள், சுழி வயதானாலும் இடம் மாறாது. பந்தயக் குதிரையின் பாஸ்போர்ட்டில் அதைக் குறிப்பது அடையாளத்துக்காகத்தான்.

அடுத்தது தீனி. பணம் அதிகம் கரைந்தது இதில்தான், குதிரைகள் கெட்டதும் இதில்தான்.

ஒப்பந்தத்தில் இருந்த வரி: "குதிரை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 10 கிலோ புல்." கேட்டால் வயிறு நிறைய என்றுதான் தோன்றும். வந்தது பச்சை நேப்பியர், கோ-4 ரகம். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆக 10 கிலோவில் உலர்பொருள் 2 கிலோதான். குதிரைக்கு நார்த்தீனி, குறைந்தபட்சம் உடல் எடையில் 1.5 சதவீதம் உலர்பொருளாகப் போக வேண்டும். 400 கிலோ குதிரைக்கு அது 6 கிலோ. பச்சையாகக் கணக்கிட்டால் 30 கிலோ. மூன்றில் ஒரு பங்குக்கு எங்களிடம் முழுக் காசு வாங்கினார். ஒப்பந்தத்தில் "உலர் எடை" என்ற இரண்டு சொல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

குதிரை எடை தெரிய எடைமேடை தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம் ஒரு அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 170, நீளம் 165 என்றால் 401 கிலோ வரும். பத்து இருபது கிலோ முன்பின் இருக்கலாம். ஆனால் 15 நாளுக்கு ஒருமுறை அதே ஆள் அதே இடத்தில் அளந்தால் இறங்குகிறதா ஏறுகிறதா என்பது பொய் சொல்லாது.

கட்டுக் கணக்கில் புல் வாங்காதீர்கள். முதல் வாரம் கட்டு கொழுத்திருக்கும், மூன்றாம் வாரம் இளைத்துவிடும். எடை ஏற்றத் தண்ணீர் தெளித்த காய்ந்த புல் இன்னும் மோசம். குவியலுக்கு நடுவில் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. அதைத் தின்றால் இருமலும் வயிற்றுவலியும் வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போன கெட்டது போனதுதான்.

புல் குறைந்ததும் குதிரை கட்டையைக் கடித்தது, படுக்கைக்குப் போட்ட உமியைத் தின்றது, மண்ணை நக்கியது. அதற்கு அவர் சொன்ன தீர்வு தவிடு. செங்குன்றத்தில் அரிசி ஆலைகள் இருப்பதால் தவிடு மலிவு. வயிறு நிரம்பும், எலும்பு கரையும். காரணம் இது: தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். குதிரைக்குக் கால்சியம்தான் கூடுதலாக, பாஸ்பரஸ் ஒரு பங்குக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை இருப்பது நல்லது. அதோடு நேப்பியரில் உள்ள ஆக்சலேட், இருக்கிற கொஞ்சக் கால்சியத்தையும் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் மாட்டுக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது. "என் மாடு தின்னுது, குதிரை தின்னா என்ன" என்ற பேச்சு அங்கேதான் பிசகுகிறது. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் இருக்க உடல் எலும்பிலிருந்து எடுக்கும். சில மாதங்களில் இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால் என்று நொண்டும். பிறகு முகத்தின் இரு பக்கமும் கன்ன எலும்பு வீங்கும், மெல்ல முடியாது. வீக்கம் தெரியும்போது நோய் முற்றிவிட்டது.

நேப்பியரே கூடாது என்றில்லை. அதை மட்டுமே போடக் கூடாது. காய்ந்த புல் அடிப்படையாக இருக்கட்டும், கூடவே நாளுக்கு ஒன்றிரண்டு கிலோ குதிரைமசால். பெயரிலேயே குதிரை இருந்தும் நம் ஊரில் அதை முயலுக்கும் ஆட்டுக்கும் வாங்குகிறவர்கள்தான் அதிகம்! சுண்ணாம்புக்கல் தூள் எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு அது இல்லை. சந்தேகமான தீவனத்தை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். கலப்புத் தீவனத்தை எங்கே அரைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கச் சேர்க்கும் மோனென்சின் குதிரையின் இதயத்தைக் கொல்லும். அதே இயந்திரத்தைச் சுத்தம் செய்யாமல் அரைத்தாலே ஆபத்து.

இனி அவர் விற்ற குதிரைகள். சவாரி கற்றுக்கொடுக்க இரண்டு வாங்கினோம். "ரேஸ்ல ஓடுனது, ஏழு வயசு." பார்த்த நாளில் அழகாக ஓடின. ஆறாம் நாள் இரண்டும் முன்னங்கால் தாங்கின. ஃபினைல்பியூட்டாசோன் என்ற வலிமருந்து கொடுத்தால் வலி அமுங்கி நொண்டி மறையும். மருந்து இறங்கியதும் தெரிந்துவிடும். சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போய்ப் பாருங்கள். குதிரை ஏற்கெனவே வியர்த்துக் காய்ந்திருந்தால் உங்களுக்கு முன்பே சூடேற்றி வைத்திருக்கிறார்கள். மணலில் ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கெட்டித் தரையில் நேராகவும், இரு பக்கமும் சிறு வட்டமாகவும் குறுநடை ஓட வேண்டும். உங்கள் மருத்துவர் அன்றே ரத்தம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். எடுக்க வேண்டும் என்று சொல்லும்போது விற்பவர் முகத்தைப் பாருங்கள், பாதிச் சோதனை அங்கேயே முடிந்துவிடும்.

வயதுக்குப் பல். மேல்தாடை வெட்டுப்பற்களில் ஓரத்துப் பல்லைப் பாருங்கள். ஏறக்குறைய 10 வயதில் ஈறை ஒட்டி ஒரு பள்ளக்கோடு தொடங்கும், 15-இல் பாதிப் பல் வரை இறங்கும், 20-இல் முழு நீளம். ஏழு வயது என்றவற்றில் ஒன்றுக்குக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்த குதிரைக்கு அந்தப் பழமொழி பொருந்தாது.

கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய் இல்லை என்பதற்குச் சோதனைச் சான்று என்று ஒரு ஜெராக்ஸ் கொடுத்தார். அதில் குதிரையின் நிறம் "பே" (செம்பழுப்பு) என்று இருந்தது. எங்கள் முன் நின்றது சாம்பல். இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது. உறுதியானால் 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி குதிரையைக் கொன்றுவிடுவார்கள், லாயமே முடங்கும். மாதிரியை உங்கள் கண்முன் எடுத்து, ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்தின் முடிவு வரும்வரை புதுக் குதிரையைத் தனித் தொட்டி, தனி வாளியோடு ஒதுக்கி வையுங்கள். டெட்டனஸ் ஊசிக்கும் அதேதான். "போட்டாச்சு" என்றால் மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டு பதிவேட்டில் இருக்க வேண்டும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஏப்ரலில் காட்டிய காய்ந்த திடல், புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் ஓரம். ஏரி திறந்தால் தண்ணீர் வடகரை, வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாகத்தான் கடலுக்குப் போகும். நவம்பரில் ஒருமுறை போய் நில்லுங்கள், அல்லது அந்தத் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவிடம் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேளுங்கள். பட்டா, வில்லங்கச் சான்றோடு புலப்பட நகலையும் பார்த்தால் நீர்நிலைப் புறம்போக்கா என்று தெரியும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு கட்டாயம். பதினொரு மாதத் தாளை நம்பி ஷெட் கட்டாதீர்கள். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருப்பதால் போர் தண்ணீரைச் சோதிக்காமல் முடிவு செய்யாதீர்கள். உவர்த்தால் குதிரை குறைவாகக் குடிக்கும், குறைவாகக் குடித்தால் குடல் அடைக்கும்.

ஷெட் மாட்டுக்கொட்டகைக் கணக்கில் 8-க்கு 8 அடி, தாழ்வான தகரம், வழவழ சிமெண்ட், சுற்றிலும் முள்கம்பி. குதிரைக்கு 12-க்கு 12 வேண்டும், கதவு 4 அடி அகலம், தரை சொரசொரப்பாக, மூத்திரம் ஓடச் சரிவோடு. முள்கம்பியில் மிரண்ட குதிரை காலைக் கிழித்துக்கொள்ளும். சாணமும் படுக்கையுமாகக் குதிரைக்கு நாளுக்கு 20 கிலோவுக்கு மேல் சேரும் என்பது அவர் திட்டத் தாளில் எங்குமே இல்லை. எடுத்துப்போக நர்சரிக்காரரோ பொன்னேரிப் பக்கத்து விவசாயியோ ஒத்துக்கொண்ட பிறகுதான் முதல் குதிரை வர வேண்டும். இல்லாவிட்டால் முதலில் ஈ வரும், அடுத்து பக்கத்து வீட்டுக்காரர் வருவார்.

லாடத்துக்கு அவர் அனுப்பிய ஆள் மாட்டுக்கு அடிப்பவர். குளம்புக்கு ஏற்ப லாடத்தை வளைக்காமல், லாடத்துக்கு ஏற்பக் குளம்பின் முனையை அரத்தால் தேய்த்துவிட்டார். ஆணி உள்சதையில் ஏறினால் மறுநாளே குதிரை காலை ஊன்றாது.

முன்பணம் கொடுத்துவிட்டவர்களுக்கு: இனி ரொக்கம் வேண்டாம். உள்ளே நிற்கும் ஒவ்வொரு குதிரைக்கும் படம், சிப் எண், டேப் அளவு எடுத்துத் தேதி போடுங்கள். வாயில் பதிவேடு வையுங்கள். இரவு 8 மணிக்கு மேல் குதிரை வண்டி ஏறக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். வாடகை பாக்கிக்குக் குதிரையைப் பிடித்து வைக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் வழக்காடித்தான் நிலைநாட்ட வேண்டியிருக்கும். அதற்காகப் பாக்கிக்காரரின் குதிரைக்கு நீங்கள் தீனியைக் குறைத்தால் குற்றம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். தீனி, மருத்துவர் ரசீதுகளைச் சேர்த்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். மோசடிக்குக் காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால், வியாபாரத்துக்காக வாங்கியது என்று எதிர்த்தரப்பு தள்ளப் பார்க்கும். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே நடத்தும் தொழில் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.