ஏழு மணிச் சாப்பாடா, விடிகாலை நடையா, படுக்கும் முன் பாலா: காலைச் சர்க்கரைக்கு எது கைகொடுக்கிறது?

டைப் 2 சர்க்கரை உள்ள நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு சீக்கிரமே காலை எண்ணுக்கு வந்துவிடும். "ராத்திரி ரெண்டே இட்லிதான் சாப்பிட்டேன். விடிஞ்சு குத்திப் பார்த்தா 160. எங்கேருந்து வருது?" என் கேள்வியும் அதுவாகத்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் ஓரளவு அடங்கியிருக்கும். வெறும் வயிற்றில்தான் 150, 160 என்று நிற்கும். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பெரும்பாலான பெரியவர்களுக்குச் சொல்லும் காலை இலக்கு 80 முதல் 130 வரை. அதற்குள் கொண்டுவர ஆளுக்கொரு வழி சொல்வார்கள். விடிகாலையில் நட என்பார் ஒருவர், படுக்கும் முன் ஏதாவது குடி என்பார் இன்னொருவர். மாத்திரையை ராத்திரிக்கு மாற்று, ராத்திரிச் சாப்பாட்டை முன்னாடியே முடி என்றும் சொல்வார்கள். இவற்றில் கடைசியாக உள்ள வழியில்தான் நான் நிலைத்திருக்கிறேன், அதன் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 160 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். தூங்கும்போதும் உடம்புக்குச் சர்க்கரை வேண்டும் என்பதால் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். விடியற்காலை மூன்று, நாலு மணிவாக்கில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடும்போது கல்லீரல் இன்னும் தாராளமாக விடும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குக் கணையம் அந்த நேரம் பார்த்துக் கூடுதலாக இன்சுலின் சுரந்து சரிக்கட்டிவிடும். நமக்குச் சுரப்பதும் போதாது, சுரந்தது முழுதாக வேலை செய்வதும் இல்லை. இதைத்தான் விடியல் நிகழ்வு என்கிறார்கள். ஆனால் காலை எண் முழுக்க விடியலில் பிறந்துவிடுவதில்லை. படுக்கப் போகும்போது எவ்வளவு இருந்ததோ, அதன் மேல்தான் கல்லீரல் விடுவதும் சேர்கிறது. ஒன்பதரைக்கு மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குப் படுத்தால், எண் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் நாம் கண்ணை மூடுகிறோம்.

அதனால் எந்த வழி நமக்கு என்று முடிவு செய்யும் முன் சில இரவுகள் மூன்று வேளை பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது: படுக்கும்போது, விடியற்காலை மூன்று மணிக்கு, எழுந்தவுடன். படுக்கும்போதே 190 இருந்து காலையில் 160 என்றால் ராத்திரிச் சாப்பாட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படுக்கும்போது 120 இருந்து காலையில் 160 என்றால் அது கல்லீரலின் வேலை, சாப்பாட்டை மாற்றி அதிகம் சாதிக்க முடியாது. மூன்று மணிக்கு 70-க்குக் கீழே இறங்கியிருந்தால் உடனே கொஞ்சம் சர்க்கரை சாப்பிட்டு எண்ணை ஏற்றிவிட்டு, இந்த வழிகள் எதையும் முயலாமல் சீக்கிரமே டாக்டரிடம் போக வேண்டும். அது பெரும்பாலும் மருந்தின் அளவோடு சம்பந்தப்பட்டது. ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். வீட்டில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர்களுக்கான சர்வதேசத் தர விதியே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. 150 என்று காட்டுவது உண்மையில் 130-ஆகவும் இருக்கலாம், 170-ஆகவும் இருக்கலாம். ஸ்ட்ரிப் செலவு கையைக் கடிக்கும்தான். ஆனால் சில இரவுகள் பார்த்தாலே ஒரு போக்கு தெரிந்துவிடும், தினமும் குத்த வேண்டியதில்லை.

என் எண்களில் தெரிந்த போக்கு முதல் வகை, அதாவது படுக்கும்போதே அதிகம். இனி நான் சொல்வதையெல்லாம் அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

விடிகாலை நடை எல்லாருக்கும் தெரிந்ததுதான், நல்லதும்தான். இன்சுலின் உடம்பில் நன்றாக வேலை செய்ய உடற்பயிற்சி உதவும், அந்தப் பலன் ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதே என்கிறார்கள். ஆனால் ஐந்தரை மணிக்குக் கிளம்பும்போது அன்றைய காலை எண் ஏற்கெனவே உருவாகிவிட்டது. சிலருக்கு வெறும் வயிற்றில் வேகமாக நடந்துவிட்டு வந்து பார்த்தால் எண் ஏறியே இருக்கும், அட்ரினலின் கல்லீரலை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவதால். பயந்து நடையை விட வேண்டாம். ஆனால் காலை எண்ணுக்கென்று ஒரே ஒரு நடைதான் முடியும் என்றால், என் ஓட்டு ராத்திரி நடைக்குத்தான்.

படுக்கும் முன் பால் என்ற யோசனைக்கு வீட்டில் ஆதரவு அதிகம். வயிறு காலியாக இருந்தால் கல்லீரல் கூடுதலாக விடும், கொஞ்சம் உள்ளே போட்டால் அடங்கும் என்று காரணம் சொல்வார்கள். கனடாவில் டைப் 2 உள்ளவர்களை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வில் படுக்கும் முன் முட்டை, படுக்கும் முன் தயிர், ஒன்றுமே இல்லை என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள். முட்டை சாப்பிட்டவர்களின் காலை எண் தயிர் சாப்பிட்டதைவிடக் குறைவாக இருந்தது, ஆனால் ஒன்றும் சாப்பிடாததைவிடச் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ஒரு டம்ளர் பாலில் சர்க்கரை போடாவிட்டாலும் பத்து கிராம் அளவுக்குப் பாலின் சொந்தச் சர்க்கரை இருக்கிறது. நான் பால் குடித்த இரவுகளில் காலை எண் குறைந்ததில்லை. ஆனால் இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் கணக்கு வேறு. அவர்களில் சிலருக்கு ராத்திரியில் எண் ஒரேயடியாக இறங்கிவிடாமல் இருக்க டாக்டரே ஏதாவது சாப்பிடச் சொல்லியிருப்பார். அதை நிறுத்தக் கூடாது.

மாத்திரை விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. படுக்கும்போது சரியாக இருந்து விடியலில் மட்டும் ஏறுகிறவர்களுக்கு, எனக்குத் தெரிந்தவரை, மருந்துதான் வலுவான வழி. மெட்ஃபார்மின் என்ற மாத்திரையின் முக்கிய வேலையே கல்லீரல் சர்க்கரை விடுவதைக் குறைப்பது. மெதுவாகக் கரையும் வகையை வழக்கமாக ராத்திரிச் சாப்பாட்டோடுதான் கொடுப்பார்கள். அதுவும் போதாதவர்களுக்குப் படுக்கும்போது போடும் நீண்ட நேர இன்சுலின் இருக்கிறது. மெட்ஃபார்மின் விலை மலிவு, தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வேளையையும் அளவையும் டாக்டர்தான் மாற்ற வேண்டும் என்பதைத் தவிர இதில் சிக்கல் ஒன்றும் இல்லை. இன்சுலின் என்றதும் "கடைசிக் கட்டம்" என்று நினைத்து வருடக் கணக்கில் தள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. அந்த வருடங்களில் கெடுவது கண்ணும் சிறுநீரகமும்.

சரி, நான் பிடித்துக்கொண்ட வழிக்கு வருகிறேன். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள், பிறகு மொட்டை மாடியில் கால் மணி நேர நடை. நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் டைப் 2 உள்ளவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. நாளில் எப்போதாவது ஒரேயடியாக முப்பது நிமிடம் நடப்பதையும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டார்கள். மொத்த நடை ஒன்றுதான். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை இரண்டாவது முறையில் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். காரணமும் எளிது. நடக்கும் தசை இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். மற்ற வேளைகளில் வீட்டுவேலை, அலைச்சல் என்று கால் ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரியில்தான் சாப்பிட்ட தட்டிலிருந்து நேரே படுக்கைக்குப் போகிறோம்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், பெரும்பாலானவர்களுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் நிற்பதில்லை? இந்த வழியில் எல்லாம் தங்கியிருப்பது ஒரே கேள்வியில்: உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்?

எங்கள் வீட்டில் நான்தான். திருச்சியில் பள்ளி ஆசிரியை நான். வீட்டுக்காரர் கடை சாத்திவிட்டு வர ஒன்பதாகும். அவருக்கும் பையனுக்கும் சூடாகத் தோசை ஊற்றிப் போட்டு, அடுப்பைத் துடைத்து, மிஞ்சின மாவில் எனக்கு இரண்டு ஊற்றிக்கொண்டு உட்கார ஒன்பதே முக்கால் ஆகிவிடும். இது ஊர் பூரா உள்ள பழக்கம்தான். சமைக்கிறவர் பசியோடு நின்று எல்லாரையும் கவனித்துவிட்டுக் கடைசியில் சாப்பிடுவார், அதுவும் மிஞ்சினதை. மிஞ்சுவது எப்போதும் மாவும் சோறும்தான். கூட்டும் பொரியலும் மிஞ்சாது. சர்க்கரை உள்ள பெண்ணுக்கு நேரமும் தட்டில் இருப்பதும் இரண்டுமே தப்பாக அமைவது இப்படித்தான். டாக்டர் சீட்டில் "இரவு உணவு 7 மணி" என்று எழுதிவிடலாம். அந்த ஒரு வரிக்காக ஒரு வீட்டின் சாயங்காலமே மாற வேண்டும்.

எனக்கு மட்டும் தனியாகச் சமைத்துப் பார்த்தேன், அது நீடிக்கவில்லை. ஐந்தரைக்கு ஒரு சமையல், ஒன்பதுக்கு ஒரு சமையல் என்றால் எந்த உடம்பும் தாங்காது. நீடித்தது எது என்றால், ஏழு மணித் தட்டுக்காகப் புதிதாக அடுப்பில் ஏற்றுவது ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொண்டதுதான். காலையில் பொரியலோ கூட்டோ செய்யும்போதே ஒரு கிண்ணம் எனக்கென்று தனியாக எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ பள்ளிக்குக் கிளம்பும்போது ஊறப் போட்டுவிட்டுப் போனால், வந்ததும் குக்கரில் நாலு விசில். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் ஆயிற்று. கூட ஒரே ஒரு அடை, சில நாள் அவித்த முட்டை. ராத்திரி சப்பாத்திக்கு மாறினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மூன்று சப்பாத்திக்கும் ஒரு கப் சோற்றுக்கும் மாவுச்சத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. தட்டில் பருப்பும் காயும் கூடினால்தான் எண் அசையும்.

அப்புறம் தோசைக்கல்லைக் கைமாற்றினேன். "நீ சாப்பிட்டுடு, நானே ஊத்திக்கிறேன்" என்று வீட்டுக்காரர் சொன்னது முதல் வாரம் பேச்சளவில்தான் இருந்தது. ஒன்பது மணிக்கு நான் மாடியிலேயே இருந்துவிட்டதும் பையன் ஊற்றக் கற்றுக்கொண்டான். அத்தைக்குத்தான் ஒப்பவில்லை. "ஆம்பளை வீடு திரும்பறதுக்கு முன்னாடி சாப்பிடறது என்னம்மா பழக்கம்?" என்றார்கள். நான் பதில் பேசவில்லை, அன்று காலை எண்ணைக் குறித்த நோட்டைக் காட்டினேன். இப்போது அவர்களும் ஏழு மணிக்கு என்னோடு உட்காருகிறார்கள். வயதானவர்களுக்கு ஒன்பதரைச் சாப்பாடு செரிக்காது என்பது அவர்களே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்குக் கிடைத்த பலன்: படுக்கும்போது 190-ஐ ஒட்டி இருந்தது 130, 140-க்கு வந்தது. காலை எண் பெரும்பாலும் 115-க்கும் 130-க்கும் இடையில். தூக்கம் கெட்ட இரவுக்கும் பரீட்சைத் தாள் திருத்தும் வாரத்துக்கும் மறுநாள் 140-ஐத் தாண்டும். ஏழரையைத் தாண்டியிருந்த எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏழுக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கிறது. ஆனால் நேரத்தையும் தட்டையும் நடையையும் நான் ஒரே சமயத்தில் மாற்றினேன். எதற்கு எவ்வளவு பங்கு என்று என் நோட்டை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. நான் எடுப்பது மெட்ஃபார்மின் மட்டும். அது தனியாக எண்ணை அபாயமாக இறக்குவது அரிது என்பதால்தான் ஏழுக்குச் சாப்பிட்டு மறுநாள் காலை வரை தைரியமாக இருக்க முடிகிறது. இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்களுக்கு அந்தப் பதினொரு மணி நேர இடைவெளி எப்படிப் போகும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. டாக்டரிடம் கேட்காமல் நேரத்தை நகர்த்தாதீர்கள். ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கும் நான் சொல்லும் கணக்கு பொருந்தாது.

கல்யாண ரிசப்ஷன் உள்ள நாட்களில் பந்தி எட்டரைக்கு முன் கிடைக்காது. அன்றைக்கு வீட்டிலேயே சுண்டலையும் காயையும் முடித்துக்கொண்டு போய், பந்தியில் உட்கார்ந்து இலையில் வைத்த கூட்டையும் பொரியலையும் மட்டும் சாப்பிடுகிறேன். பரிமாறுகிறவரிடம் முதலிலேயே "சாதம் வேண்டாம், கூட்டு இன்னொரு கரண்டி" என்று சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்துவதில்லை. ராத்திரி மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு சேர்ந்தது என்பதால், சாப்பாட்டு நேரத்தை மாற்றியபோதே டாக்டரிடம் கேட்டு மாத்திரையையும் ஏழு மணிக்குக் கொண்டுவந்துவிட்டேன். ரிசப்ஷன் நாளிலும் அது வீட்டுச் சுண்டலோடுதான் போகிறது, பந்தியோடு இல்லை.