சான் டியாகோ 'டைட் பூல் டூர்': பணம் கட்டுமுன் ஓத அட்டவணையைப் பாருங்கள்

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் பாயின்ட் லோமா முனையில் இருக்கும் கப்ரியோ தேசிய நினைவிடத்துக்கு 'டைட் பூல் ஸ்பெஷல்' என்று வேன் டூர் விற்கிறவர்களிடம் ஜாக்கிரதை. கடல் உள்வாங்கும்போது நீர் தேங்கி நிற்கும் பாறைக் குழிகள்தான் டைட் பூல். ஊரிலிருந்து வந்திருந்த மாமாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு ஆகஸ்டில் அப்படி ஒன்றில் போனோம். விளம்பரப் படத்தில் பாறைக் குழிகளில் கடல் சாமந்தி, நட்சத்திர மீன், ஆக்டோபஸ் எல்லாம் இருந்தன. மதியம் இரண்டு மணிவாக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். குழி எதுவும் கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும் கடல் மூடியிருந்தது.

ஓட்டுநர்தான் கைடும். கேட்டால், "கடல் என்ன என் கையிலா இருக்கிறது?" என்கிறார்.

மழை வந்து கெட்டுப்போனது என்றால் போகட்டும் என்று விடலாம். ஓதம் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) எந்த நாளில் எந்த மணிக்கு எவ்வளவு இறங்கும் என்பது முன்கூட்டியே கணக்கிட்டு, அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் (NOAA) தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. ஓதம் 0.7 அடிக்கோ அதற்குக் கீழேயோ இறங்கும் நேரம்தான் பார்க்கத் தோதானது என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள். அந்தக் கடற்கரையில் கோடைக்காலத்தில் அவ்வளவு இறங்குவது பெரும்பாலும் விடியுமுன். பூங்கா திறப்பதோ காலை 9 மணிக்கு! பகல் வெளிச்சத்தில், பிற்பகலில் கடல் நன்றாக உள்வாங்குவது இலையுதிர்காலக் கடைசியிலும் குளிர்காலத்திலும்தான். ஆக, ஆகஸ்ட் மதியத்துக்கு இதை விற்கிறவருக்கு விஷயம் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

நுழைவுக் கட்டணம் என்று தலைக்கு 20 டாலர் தனியாக வேறு வாங்கினார்கள். சொந்தக் காரில் போனால் வண்டி மொத்தத்துக்குமே 20 டாலர்தான், அதுவும் 7 நாள் செல்லும்.

மேலே பழைய கலங்கரை விளக்கம் அருமை, அதைக் குறை சொல்ல மாட்டேன். போர் வந்ததால் மூடினார்கள் என்று கைடு அளந்துவிட்டார். உண்மையில் 1855இல் ஏற்றிய விளக்கு அது. கடல்மட்டத்துக்கு 400 அடிக்கும் மேலே இருந்ததால் மூடுபனியும் தாழ்ந்த மேகமும் அடிக்கடி வெளிச்சத்தை மறைக்க, 1891இல் அணைத்துவிட்டுக் கீழே கரையோரமாகப் புதிதாக ஒன்று கட்டினார்கள். மாமா அங்கிருந்த பலகையைப் படித்துவிட்டு அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அப்புறம், பிள்ளைகளிடம் கிளிஞ்சல் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். அங்கே ஒரு காலிச் சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். மாட்டினால் அபராதம் நம் தலையில்தான்.

நீங்களாகப் போவதாக இருந்தால் அட்டவணையைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். டைட் பூல் பகுதியை மாலை 4:30க்கே மூடிவிடுவார்கள். பாறை வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அடுத்த டூரில் பத்து சதவீதத் தள்ளுபடி தருகிறார்களாம். கார்டில் கட்டியதால், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் அன்றைய ஓத அட்டவணையையும் சேர்த்து வங்கியில் முறையிட்டிருக்கிறேன்.